ஆளில்லாப் பங்கு

4-2-1954 ரூ. 2-10-0
11-2-1954 ரூ. 3-1-0
18-2-1954 இல்லை
25-2-1954 ரூ. 1-12-6
4-3-1954 ரூ. 2-15-0

கூத்தையாவின் வள்ளத்தில் ஏழாம் பங்காக, ரூபாய் அணா தம்பிடிக் கணக்கில், எடுத்து வைக்கப்பட்ட தொகைகள் இவை. பதினெட்டாம் தேதிக்கு எதிரே 'இல்லை' என்றிருப்பது, அந்த வாரம் காற்று அடங்காமல் ஒரு வள்ளமும் இறங்கவில்லை என்பதால்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, தொண்டி போகும் வழியில் இருந்த முள்ளித்துறையில் ஆறு பங்குதான் வழக்கம். வியாழக்கிழமை சாயங்காலம் வாரக் கணக்கு முடிப்பார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, மீன் பிடிக்கும் கூடுகளுக்கு ஒரு பங்கு, கடலில் இறங்கிய நான்கு பேருக்கு நான்கு பங்கு. வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரே வள்ளத்தில் இருந்ததால் அந்த ஒருநாளை எல்லோரும் பொதுவாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஏழாம் பங்கு என்று ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதைக் கொண்டுவந்தவள் கூத்தையாவின் மனைவி பூமயில்.

பூமயில் 1917-ல் திருவாடானைப் பக்கம் ஒரு கரிசல் காட்டு ஊரில் பிறந்தவள். அவள் அய்யா இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர். பதினெட்டு வயதில் சொந்தத்தில் கட்டிக்கொடுத்து இங்கே வந்தாள். கல்யாணமான மறுநாள்தான் கடலைப் பக்கத்தில் பார்த்தாள். உப்புக் காற்றில் கண் எரிகிறது என்று சொன்னதற்கு மாமியார் வீடு முழுக்கச் சிரித்தது. நீச்சல் தெரியாது, வள்ளத்தில் கால் வைத்ததில்லை. ஆனால் கூடு பின்னக் கற்றுக்கொண்டாள். உடைமரக் குச்சியைப் பிளந்து, வளைத்து, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குக் கூடு முடைவது பெண்கள் வேலை. உள்ளே இரை வைத்து, கல் கட்டி, கடலடியில் பார் என்று சொல்லும் பாறைத் திட்டுகளில் இறக்குவது ஆண்கள் வேலை. வாய் வழியாக உள்ளே போன மீனுக்குத் திரும்பி வர வழி தெரியாது. அவ்வளவுதான் கூட்டின் சூட்சுமம்.

கூத்தையாவிடம் ஒரு குறை இருந்தது. அவனுக்கு யோசனை ஓயாது. பல் விளக்கும்போது ஒன்று, துடுப்பு வலிக்கும்போது ஒன்று, பாதி சாப்பாட்டில் ஒன்று. தோன்றிய உடனே செய்து பார்த்துவிட வேண்டும். 1953-ல் மட்டும் மூன்று தடவை வீடு பட்டினி கிடந்தது. ஒருமுறை எல்லாக் கூட்டுக்கும் செங்காவி பூசினான், மீன் கிட்டவே வரவில்லை. இன்னொருமுறை நண்டு இரைக்குப் பதிலாகப் புண்ணாக்கு வைத்தான், அது கரைந்து போனது. மூன்றாவதாக, நாற்பது கூட்டின் வாயையும் ஒரே நாளில் அகலமாக வெட்டினான். பெரிய மீன் வரும் என்றான். வந்தது. வந்த வழியே போகவும் செய்தது.

வள்ளத்தில் இருந்த மூத்தவர் அலியார் பொறுமைசாலி. அவரே ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, ஒம் புருசன் மூளையக் கழட்டி ஒரு உறியில கட்டி வையி. நாளைக்கு நாங்க மட்டும் போயிட்டு வாரோம்."

பூமயிலுக்குத் தன் அய்யா நினைவு வந்தது. யாராவது புது விதை கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், ஆனால் காடு முழுக்க விதைக்க மாட்டார். பழைய விதைக்குப் பக்கத்திலேயே ஒரே ஒரு பாத்தி. அறுக்கிறபோது இரண்டையும் தனித்தனியாக அளப்பார்.

1954 ஜனவரி கடைசியில் புருஷனிடம் சொன்னாள்.

"இந்தாருங்க, ஒங்க புத்திக்கு நான் விரோதி இல்ல. ஆனா அதுக்கு ஒரு கிழமை வேணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிஞ்சு அலியார் காக்கா வந்ததும், இங்கன பூவரசு நிழல்ல எல்லாரும் உக்காருவோம். எந்த யோசனையா இருந்தாலும் அங்கனதான் சொல்லணும். கடல்ல வாயத் தொறக்கக் கூடாது."

"தொறந்தா?"

"அன்னைக்குப் பூரா வள்ளத்துத் தண்ணிய நீங்கதான் எறைக்கணும்."

மற்ற மூவரும் அந்த இடத்திலேயே சம்மதித்தார்கள். அலியார், அகமது கபீர், சின்னச்சாமி மூவருக்கும் தண்ணீர் இறைத்து இறைத்துத் தோள் போயிருந்தது. முதல் மாதத்தில் கூத்தையா பதினோரு நாள் இறைத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். சோதனைக்கு வேண்டிய குச்சி, கயிறு, கல் எல்லாவற்றுக்கும் ஏழாவதாக ஒரு பங்கு எடுத்து வைக்க வேண்டும். அந்தப் பங்குக்கு ஆள் கிடையாது. அதை எடுத்து வீட்டுச் செலவுக்குப் போடுகிற உரிமை அவளுக்கும் கிடையாது. அலியாரின் மனைவி ஜுனைதாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். சோதனை நோட்டு அவள் வசம்.

முதல் யோசனை கூத்தையாவுடையது: கூட்டு வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பது. ஆறு கூடு புது மாதிரி, ஆறு கூடு பழைய மாதிரி. பிப்ரவரி 25 முதல் நான்கு வாரம். புதுக் கூட்டில் 97 மீன், பழைய கூட்டில் 41. கூத்தையா ஊரைச் சுற்றி வந்தான். நாற்பது கூட்டையும் மாற்றினார்கள். ஏப்ரல், மே போனது. ஜூன் 10-ந் தேதிக் கணக்கில் பிடிபாடு பழைய அளவில்தான் நின்றது.

பூமயில் இரண்டு நாள் நோட்டை வைத்துக்கொண்டு ஜுனைதாவை வாசிக்கச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். எண்ணியதில் தப்பில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டாள்:

"காக்கா, அந்தப் புதுக் கூடு ஆறையும் எங்கன எறக்குனீக?"

"வேற எங்கன? நடுப்பார்லதான்."

"பழசு ஆறையும்?"

"அது ஓரத்துல, சேத்துப் பக்கம்."

"ஏன் காக்கா?"

அலியார் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "என்னம்மா கேக்குறே? புதுசா வீட்டுக்கு வந்த மருமகள அடுப்படி மூலையிலயா உக்கார வப்பாக? புதுசுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

நான்கு பேருக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. முதல் தடவை கடலுக்குப் போகிற எதுவும், வலையானாலும் கூடானாலும், நல்ல இடத்தில்தான் இறங்கும். அது அந்தக் கரையின் முறை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. பூமயில் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"மருமகளுக்கு மரியாதை குடுத்து நாலு மாசம் போச்சு. இனிமே ஒரே கயித்துல, பழசு ஒண்ணு புதுசு ஒண்ணு, மாத்தி மாத்திக் கட்டி எறக்கணும். அது மருமக, இது மாமியா. ரெண்டும் ஒரே அடுப்படிலதான் கெடக்கணும்."

"சண்டை வருமே தாயி," என்றான் சின்னச்சாமி.

"வரட்டும். யாரு செயிக்கிறான்னு பாக்கத்தானே கட்டுறோம்."

மறுபடி நான்கு வாரம். சாய்ந்த வாய் 52, நேர் வாய் 55. கூத்தையாவின் யோசனை தோற்றது. அவன் மூன்று நாள் தொண்டியில் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். திரும்பி வந்தபோது பூமயில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பிறரையும் பேச விடவில்லை. தோற்ற யோசனையை வைத்து யாரையும் கேலி செய்யக் கூடாது என்பது அப்போது வந்த விதி. ஏன் தோற்றது என்று மட்டும் நோட்டில் எழுதப்பட்டது.

1955 ஜனவரியில் அகமது கபீரின் யோசனை ஜெயித்தது. கூட்டு வாயின் உள்முனையில் ஈர்க்குகளைத் தொங்க விட்டான். உள்ளே போகும்போது விலகும், வெளியே வர நினைத்தால் குத்தும். 118-க்கு 83. அதற்குப் பிறகு ஜுனைதா சொன்ன அடிக்கல், அலியார் சொன்ன, சிறுமீன் தப்பிப் போகும் வழி, சின்னச்சாமி சொன்ன கயிற்று முடிச்சு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாகச் செய்ய கூத்தையா எவ்வளவோ கெஞ்சினான், அவள் விடவில்லை. 1958 மே முடிய வெள்ளிக்கிழமைகளில் சொல்லப்பட்ட யோசனை 31. சோதித்தது 22. சொன்னவர்கள் ஒன்பது பேர். தேறியது ஐந்து. கூத்தையாவின் பேரில் பதினோரு சோதனை, தேறியது ஒன்று, கூட்டுக்குள் இரை வைக்கும் பெட்டி.

பிடிபாடு கூடியதை ஊர் பொறுத்துக்கொண்டது. ஏழாம் பங்கைத்தான் பொறுக்கவில்லை. மற்ற வள்ளங்களில் வேலை செய்கிறவர்கள் தங்கள் முதலாளிகளிடம், 'அங்கன எங்க சொல்லையும் கேட்டு எழுதிக்கிடுறாக, இங்கன ஏன் இல்ல' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஊர்த் தலைவரான அம்பலம் மலையாண்டிக்கு இரண்டு வள்ளம். அவர் 6-6-1958 அன்று ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டார். வேண்டுமென்றே வெள்ளிக்கிழமை மத்தியானம்.

பூமயில் வந்தாள். தனியாக வரவில்லை. பூவரசு நிழலில் உட்காரும் அத்தனை பேரையும், அந்த வாரம் பார்க்க வேண்டிய கூட்டையும், நோட்டையும் கொண்டுவந்து கொட்டகை நடுவில் வைத்து, "நீங்க பேசுங்க அம்பலாரே, எங்க சோலியும் இங்கனயே நடக்கட்டும்," என்று உட்கார்ந்துவிட்டாள்.

"தாயி, கடல்ல கால் நனைக்காத ஒருத்தனுக்கு எதுக்குப் பங்கு?" என்றார் மலையாண்டி.

"வள்ளத்துக்குப் பங்கு குடுக்குறீகளே, வள்ளம் சோறா திங்குது?"

"வள்ளம் தேயுது. செப்பனிடணும். அதுக்குத்தான் பங்கு."

"நாம பழகுன பழக்கமும் தேயுது அம்பலாரே. அதச் செப்பனிட வேணாமா?"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். மலையாண்டியின் முகம் சிவந்தது. அவர் கெட்டவரில்லை. ஆனால் விசிலுக்குப் பிறகு எந்த அம்பலமும் இறங்கி வர முடியாது. தீர்ப்புச் சொன்னார்: இந்தச் சோதனை சரிதான் என்று மீன் இலாகாவிலிருந்து ஒரு கடுதாசி வாங்கி வரட்டும். அதுவரை ஏழாம் பங்கு கூடாது. மீறினால் ஊருக்குப் பொதுவான பாரில் அந்த வள்ளம் கூடு இறக்கக் கூடாது.

"கடுதாசிக்கு எழுதுறேன்," என்றாள் பூமயில். "பங்க நிறுத்த மாட்டேன்."

"அப்ப பாரு கெடையாது."

"பாரு ஒங்களுது. கடல் பெருசு."

அடுத்த சனிக்கிழமை முதல் அவர்கள் வள்ளம் யாரும் போகாத கடல்புல் தரைக்குப் போனது. முதல் ஆறு வாரம் கூட்டில் நண்டும் பாசியும்தான். சின்னச்சாமிக்கு மூன்று பிள்ளைகள். ஒருநாள் பூமயில் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கோவிக்காதீக. அம்பலம் வள்ளத்துக்குக் கூப்பிடுறாரு."

"போயிட்டு வா தம்பி. பிள்ளைக வயிறு பாக்க வேணாமா?" என்றாள். அவன் போன பிறகு, அந்த வாரத்து ஏழாம் பங்கு ஒன்பதணா. பைசா கணக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தும் அவள் அணாவில்தான் சொன்னாள். ஜுனைதா 56 நயா பைசா என்று எழுதிக்கொண்டாள்.

புல் தரையில் ஓரா மீன் மேயும். அது பாசி தின்னும் மீன், நண்டு இரைக்கு வராது. இரையில்லாமல் பச்சைப் பாசியைக் கூட்டுக்குள் கட்டிப் பார்க்கலாம் என்றாள் கூட்டுக்குக் குச்சி பிளக்கும் இராமலட்சுமி. ஒரே கயிறு, மாற்றி மாற்றி, நான்கு வாரம். இரைக் கூடு 19, பாசிக் கூடு 140. வீட்டில் மறுபடி உலை கொதித்தது.

இதற்கிடையே கடிதங்கள். பூமயில் சொல்ல ஜுனைதா எழுதிய விண்ணப்பம் 9-6-1958-ல் தபாலில் சேர்ந்தது. 3-9-1958-ல் முதல் பதில்: உரிய படிவத்தில் எழுத வேண்டும். எழுதினார்கள். 21-1-1959-ல் படிவம் திரும்பி வந்தது. 'கண்டுபிடித்தவர் பெயர்' என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். ஒரு பெயர் எழுதி அனுப்பினால் ஆவன செய்யப்படும்.

கூத்தையா அன்று சவரம் செய்துகொண்டான்.

"ஏ பூமயிலு, எழுதச் சொல்லு. கூத்தையான்னு எழுதச் சொல்லு. கடுதாசி வந்துரும், பாரு தொறந்துரும்."

"அது ஒங்க கூடா?"

"மொத மொத யோசிச்சவன் யாரு? நான்தானே?"

"மொத யோசனை தோத்துப் போச்சு. வாய்க்குள்ள ஈர்க்கு கபீரு. கல்லு ஜுனைதா. வழி காக்கா. முடிச்சு சின்னச்சாமி. பாசி இராமலட்சுமி. ஒங்களது இரைப் பொட்டி. ஆறு கை பட்டது. ஒரு பேரு எழுதுனா, அடுத்த வெள்ளிக்கெழம யாரு வாயத் தொறப்பா? எனக்கென்ன, கூத்தையா பேருக்குத்தான போகப்போகுதுன்னு எந்திருச்சுப் போயிருவாக."

"அதனால கண்ணு முன்னாடி இருக்கிற பார விட்டுருவியா? ஒரு பேருக்காகவா?"

"ஒரு பேருக்காகத்தான்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். பாரை இழந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே ஒரு சொல்லை எழுதினால் போதும். புருஷன் பெயர்தான், அன்னியனுடையது அல்ல. ஜுனைதா பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சொல்லுக்கா."

"தேறுனது ஆறும் எழுது. எழுதிட்டு, தோத்தவுக பேரும் எழுது. அவுக தோத்ததுனாலதான் எது தேறும்னு தெரிஞ்சுச்சு."

"கட்டம் பத்தாதே."

"தாள ஒட்டு."

ஒன்பது பெயர்கள். அரிசிக் கஞ்சி தொட்டு ஒட்டிய தாள் படிவத்துக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கூத்தையா வந்தான். ஜுனைதாவிடம் படிவத்தை எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னான். தன் பெயர் எத்தனையாவது என்று கேட்டான். ஆறாவது.

"பதினொண்ணு சோதன எம்பேர்ல நடந்திருக்கு. பத்துத் தோல்வி. இந்தக் கரையில எவனுக்கு அந்தக் கணக்கு உண்டு? அதையும் சேத்து எழுதச் சொல்லு," என்றான். முறைப்பாகத்தான் சொன்னான். ஜுனைதா சிரிப்பை முக்காட்டில் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

4-12-1959-ல் மூன்றாவது பதில்: ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை ஏற்க விதியில் இடமில்லை; ஒரே பெயர் தெரிவிக்கத் தவறினால் விண்ணப்பம் தள்ளப்படும்; முடிவு தெரியும்வரை சோதனைகளை நிறுத்தி வைக்கவும். பூமயில் 11-12-1959-ல் பதில் போட்டாள். அதில் இரண்டே வரி. 'ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறோம். யாரை அழிக்கச் சொல்கிறீர்கள் என்று எழுதவும்.' அதற்குப் பிறகு வெகுகாலம் தபால் இல்லை.

மலையாண்டியின் வள்ளத்தில் நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. சின்னச்சாமி அங்கே சும்மா இருக்கவில்லை. வலிக்கும்போது வாயைத் திறப்பான், பிறகு தானாகவே தண்ணீர் இறைக்கும் மரவையை எடுப்பான். எதற்கு என்று மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சொன்னான். 1960 மார்ச்சில் அந்த நான்கு பேரும் தங்கள் நான்கு பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஏழாம் பங்கு ஒன்று சேர்த்தார்கள். அம்பலத்தின் வள்ளப் பங்கில் கை வைக்கவில்லை, அதனால் அவரால் தடுக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை நால்வரும் பூவரசு நிழலில் வந்து உட்கார்ந்தார்கள்.

9-4-1960 சனிக்கிழமை, கூத்தையாவின் வள்ளம் யாரையும் கேட்காமல் நடுப்பாருக்குப் போய்க் கூடு இறக்கியது. பக்கத்தில் அம்பலத்தின் வள்ளம் நின்றது. அதிலிருந்து சின்னச்சாமி கத்தினான்: "ஏலே கபீரு, மருமகள ஓரமா எறக்குடா!" அன்று ஒருவரும் தடுக்கவில்லை.

ஆனால் தீர்ப்பு தீர்ப்பாகவே இருந்தது. மலையாண்டி அதைத் திரும்பப் பெறவில்லை. கடுதாசி வரட்டும், கடுதாசி வரட்டும் என்று பதினெட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால்காரர் வரும் நாளெல்லாம் கொட்டகை வாசலில் நின்றார். கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பங்கு பிரிக்கிற நேரத்தில், உறையை அவரே கையில் வாங்கிக்கொண்டு பூமயில் முன்னால் வந்து நின்றார்.

"வந்துருச்சு தாயி. எல்லாரும் கேக்கட்டும், வாசிக்கச் சொல்லு."

ஜுனைதா பிரித்து உரக்க வாசித்தாள். கண்டுபிடித்தவர் இன்னார் என்று உறுதி செய்யப்படாததால் மேற்படி முறை அங்கீகரிக்கத்தக்கதல்ல, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஊர்த் தீர்ப்பு ஞாபகம் இருக்குல்ல? இனி நிறுத்திர வேண்டியதுதான்."

பூமயில் சுற்றிலும் பார்த்தாள். முள்ளித்துறையில் அப்போது பதினேழு வள்ளங்கள். ஒவ்வொரு வள்ளத்துக்காரர்களும் தனித்தனி வட்டமாக உட்கார்ந்து காசைக் கூறுகட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்திரலாம் அம்பலாரே. எந்த வள்ளத்துல இருந்து ஆரம்பிக்க? ஒங்களதுல இருந்தா?"

மலையாண்டி தன் ஆட்கள் இருந்த வட்டத்தைப் பார்த்தார். சின்னச்சாமி தலை நிமிராமல் ஏழாவது கூறில் ஒரு ரூபாய்த் தாளை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் அதன் மேல் ஒரு சங்கையும் வைத்தான். அடுத்த வட்டத்திலும் வைத்தார்கள். அதற்கடுத்ததிலும். அன்று மாலை பதினோரு வள்ளங்கள் ஏழாம் பங்கு வைத்தன.

விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற அந்தக் கடைசிக் கடிதம் முள்ளித்துறைக்கு வந்து சேர்ந்தது 16-11-1961.